ஓரகத்தியின் மாத்திரை

கெங்கம்மாளுக்குப் பொறாமை புதிதல்ல. மயிலம் பக்கத்தில் பிறந்தவள். ஆறு வயதில், தங்கைக்கு எடுத்த நீலப் பாவாடை தனக்குச் சேராது என்று தெரிந்தும், அதற்காக இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தவள். கல்யாணமாகி, திண்டிவனத்துக்கு மேற்கே ஆறு மைலில் இருக்கும் சவுரிராயன் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த பிறகுதான் அவளுக்குப் பொறாமைப்பட ஆள் இல்லாமல் போனது. மாமியார் முன்பே காலமாகிவிட்டார். நாத்தனார் கிடையாது. புருஷன் பெரியதம்பி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். வீடு, மாடு, நாலு ஏக்கர் மானாவாரி எல்லாம் அவள் சொன்னபடி நடந்தன. அந்த ஒன்பது வருஷமும் அவள் நல்லவளாகவே இருந்தாள். ஊரிலும் அப்படித்தான் பேர்.

ஆள் ஒற்றை நாடி. கன்னத்தில் சதை என்பதே கிடையாது. ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் அவளுக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லை. மற்ற பெண்கள் ஒரு பாத்தி களை வெட்டி நிமிர்வதற்குள் அவள் அடுத்த பாத்தியில் பாதி போயிருப்பாள். இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றும், பிள்ளை பிறந்த இருபதாம் நாளே மாட்டுக்குத் தீவனம் போட எழுந்துவிட்டவள். உடம்புக்கு முடியவில்லை என்று அவள் படுத்ததை யாரும் பார்த்ததில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் கொழுந்தன் அப்பாதுரைக்குக் கல்யாணம் ஆனது. பெண் செண்பகம், விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூர்க்காரி. வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவாள். கெங்கம்மாளுக்கு ஓரகத்தியை ரொம்பப் பிடித்துப்போனது. "பாவம், சின்னப் பொண்ணு, ஒடம்புல தெம்பே இல்ல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவம் என்று சொல்வதற்கு வீட்டிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அதன் சுகமே தனி.

செண்பகத்துக்கு இருந்தது இழுப்பு. சின்ன வயதிலிருந்தே மழை பிடித்தால் நெஞ்சு விசிலடிக்கும். பெண் பார்க்க வந்தபோது அதை அவளைப் பெற்றவர்கள் மறைத்துவிட்டார்கள். இழுப்புக்காரி என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்? தெரிந்த பிறகு யார் வைத்துக்கொள்வார்கள்? அவளுக்குப் பிள்ளையும் இன்னும் பிறக்கவில்லை. அதனால் ஐப்பசி மாதம் வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இரண்டாம் வருஷம் அப்படிப் போனவளை விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். தன்னைக் கேட்காமல் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று நாலு தடவை சொல்லி அனுப்பினார்.

மாத்திரை வேலை செய்தது. இழுப்பு ஓடியே போனது. அதோடு இன்னொன்றும் நடந்தது. மூன்று மாதத்தில் செண்பகத்தின் கன்னம் இரண்டும் பூரித்து, முகம் வட்டமாகி, மினுமினுப்பு ஏறிவிட்டது. பசியும் அப்படி. கேப்பைக் களி இரண்டு உருண்டை போதாமல் மூன்றாவதற்குக் கை நீட்டினாள். தண்ணீர்க் குடத்தை இப்போது இறக்கி வைக்காமல் வீடு வரை கொண்டு வந்தாள். பார்த்தவர்களெல்லாம் லட்சுமி களை என்றார்கள். வாழ வந்த வீடு பிடித்துவிட்டது என்றார்கள். கெங்கம்மாள் சோற்றுப் பானையை இறக்கும்போது சத்தமாக இறக்கினாள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். எண்பத்து நாலு ஆடியில் நடந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் மல்லாட்டை விதைக்கும்போது ஆண்கள் ஏர் ஓட்டிக்கொண்டு போக, பின்னால் பெண்கள் சாலில் விதை போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வருஷத்து முதல் கை விதையை வீட்டில் யார் போடுவது என்று பெரியவர் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அது கெங்கம்மாளின் கை. அன்றைக்கும் அவள் குளித்து, மஞ்சள் பூசி, கூடையோடு வரப்பில் நின்றாள். மாமனார் சவுரிராயன் ஏரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, இந்த வருஷம் சின்னவள் போடட்டும், முகத்தில் களை இருக்கிறது, விளையும் என்றார். அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னார். கெங்கம்மாள் கூடையைச் செண்பகத்தின் கையில் கொடுத்தாள். கொடுத்த கை அன்று முழுக்க எரிந்தது.

அந்த வருஷம் பார்த்து விளைச்சலும் அமோகமாக இருந்து தொலைத்தது.

அதற்கப்புறம் அவளுக்கு ஓரகத்தியைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. என்ன தின்கிறாள், என்ன பூசுகிறாள், எப்போது படுக்கிறாள். கவனித்ததில் அந்த மாத்திரை கண்ணில் பட்டது. காலையில் கூழ் குடித்த கையோடு செண்பகம் மூலைக்குப் போய், தகர டப்பாவிலிருந்து எடுத்து ஒன்று போட்டுக்கொள்கிறாள். கெங்கம்மாள் பின்னாலேயே போய் நின்று என்ன மாத்திரை என்று கேட்டாள். செண்பகத்துக்கு உயிரே போய்விட்டது. இழுப்பு என்று எப்படிச் சொல்வாள்?

"சத்து மாத்திரைக்கா. அம்மா வாங்கிக் குடுத்துச்சு."

சும்மா தப்பித்துக்கொள்ளச் சொன்ன பொய். கெங்கம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பார்த்தாயா, சொல்லாமல் கொள்ளாமல் தான் மட்டும் தின்று சதை போடுகிறாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. குப்பையில் கிடந்த காலி அட்டை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். சந்தை நாளன்று திண்டிவனம் போய், பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மருந்துக் கடையில் அதை நீட்டி இதே மாதிரி வேண்டும் என்றாள். சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்டார். டாக்டர் எழுதினதுதான், சீட்டு வீட்டில் இருக்கிறது என்றாள். கொடுத்துவிட்டார். அடுத்த தடவை அவர் அதையும் கேட்கவில்லை.

செண்பகம் நாளைக்கு ஒன்று போட்டாள். கெங்கம்மாள் இரண்டு போட்டாள். மூத்தவளாயிற்றே.

முதல் வாரமே தெரிந்தது. உடம்பில் ஒரு முறுக்கு, வாயில் ஒரு ருசி. விடிய மூன்று நாழிகை இருக்கும்போதே தூக்கம் கலைந்து வாசல் தெளிக்க எழுந்தாள். பொங்கலுக்குள் ஒட்டிய கன்னம் நிரம்பிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போனபோது அந்த நீலப் பாவாடைத் தங்கையே, அக்கா மாமன் வீட்டு நெய்யைத் தனியாகத் தின்கிறாயா என்று கேட்டாள். கெங்கம்மாளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதும் செண்பகத்தின் முகத்தைப் பார்ப்பதுமாகவே நாள் போனது. யார் கன்னம் பெரிசு என்று அளந்துகொண்டே இருந்தாள்.

சந்தோஷத்தில் மற்றதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. முகமும் வயிறும் பருத்தன. கையும் காலும் குச்சியாகிக்கொண்டே வந்தன. பிடரியில் சதை மேடு தட்டியது. அடிவயிற்றில் கத்தரிப்பூ நிறத்தில் வரி வரியாக ஓடியது. உதட்டுக்கு மேல் பூனை முடி. கதவில் லேசாக இடித்துக்கொண்டால் கூட ரத்தம் கட்டி ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது. உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. களை வெட்டில் அவள் பின்தங்கியதைப் பார்த்து மற்ற பெண்கள், சதை வைத்தால் சோம்பலும் கூடவே வரும் என்று கேலி பேசினார்கள். அது கூட அவள் காதுக்குப் பாராட்டாகத்தான் விழுந்தது.

எண்பத்தைந்து ஆடியில் சவுரிராயன் முதல் கையைத் திரும்ப அவளுக்கே கொடுத்தார். வரப்பில் நின்ற செண்பகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி அவள் விதையைப் போட்டாள். செண்பகம் அந்தச் சமயம் கொஞ்சம் வாடித்தான் இருந்தாள். கன்னம் வடிந்து பழைய எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. ஏன் என்று கெங்கம்மாள் துப்பறிந்தாள். தகர டப்பா காலி. காலையில் மூலைக்குப் போவதும் இல்லை. நிறுத்திவிட்டாள்.

உடனே கெங்கம்மாளுக்குக் கை அரித்தது. அவளே நிறுத்திவிட்டு நன்றாகத்தான் நடமாடுகிறாள், நான் மட்டும் எதற்காக இன்னும் முழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும்? ஜெயித்தாகிவிட்டதே. மிச்சம் இருந்த மாத்திரைகளைக் கிணற்றில் போட்டாள்.

அவள் பார்க்காதது ஒன்று உண்டு. செண்பகம் ஒரே நாளில் நிறுத்தவில்லை. விழுப்புரத்து டாக்டர் சொன்னபடி மாசியிலிருந்தே குறைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றை அரையாக்கி, அரையைக் காலாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, ஆறு மாதம் கழித்து நிறுத்தினாள். அந்தத் துண்டுகளைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைக்குப் போகும் வழியில் வாயில் போட்டுக்கொண்டாள். கெங்கம்மாள் டப்பாவைத்தான் கவனித்தாள். பொறாமைக்காரியின் கண் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன, பார்க்க நினைத்ததைத்தானே பார்க்கும்.

நிறுத்திய நாலாம் நாள் கெங்கம்மாளுக்கு மூட்டெல்லாம் வலித்தது. வெயில் என்று நினைத்தாள். ஒரு வாரத்தில் சோறு இறங்கவில்லை. நின்றால் கண் இருட்டியது. உப்புக்கல்லை எடுத்து நக்கிக்கொண்டே இருந்தாள். பத்தாம் நாள் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது, சின்னப் பையனுக்கு வந்து போன அதே காய்ச்சல். பையன் இரண்டு நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டான். கெங்கம்மாள் விடாமல் வாந்தி எடுத்து, மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தாள். பெரியதம்பி தூக்கினபோது கழுத்து நிற்கவில்லை. வண்டி கட்டி, பஸ் ஏற்றி, திண்டிவனத்தில் டாக்டர் இருதயராஜ் வைத்திருந்த நாலு கட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கூடவே சவுரிராயனும் அப்பாதுரையும் வந்தார்கள். பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை வேண்டும் என்று செண்பகமும் வந்தாள்.

இருதயராஜ் முதலில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து பாட்டில் ஏற்றினார். இரண்டு பாட்டில் இறங்கியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. பிறகுதான் அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிடரியைத் தடவினார். வயிற்று வரியைப் பார்த்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க ஏதோ மாத்திரை ரொம்ப நாளா சாப்பிட்டிருக்கீங்க. அது என்னன்னு சொல்லுங்க. நான் தப்பா ஊசி போட்டா ஆபத்து. போடாம விட்டாலும் ஆபத்து."

கெங்கம்மாளுக்கு நினைவு இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. சொல்ல வாயும் இருந்தது. ஆனால் கட்டிலைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? மாமனார், புருஷன், கொழுந்தன், அவள். ஓரகத்தி கன்னத்தைப் பார்த்து வயிறெரிந்து, திருட்டுத்தனமாக ஒரு வருஷம் மாத்திரை தின்றேன் என்று அவள் எதிரிலேயே சொல்வதா? ஊர் சிரிக்கும். அவள் சிரிப்பாள். அதற்குச் செத்தே போகலாம் என்று உண்மையாகவே நினைத்தாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஜலதோஷத்துக்குக் கூட மாத்திரை போட்டுப் பழக்கமில்லை என்று பெரியதம்பி சத்தியம் செய்தான்.

செண்பகம் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை உதட்டுக்கு மேல் நின்றது. அந்தப் பூனை முடி அவளுக்குத் தெரியும், அவளுக்கும் முளைத்தது. அந்த வரியும் தெரியும். போன வருஷம் அக்கா குப்பைமேட்டில் குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் முடிந்ததும் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடியிருந்த கெங்கம்மாளுக்கு அந்தக் கை நின்றது தெரிந்தது. பிறகு அந்தக் கை விலகியதும் தெரிந்தது.

செண்பகம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். எந்நேரமும் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்த ஒரு அட்டையை வெளியில் எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"இதாங்க. இதைத்தான் அக்கா போட்டிருக்கும். நான் சத்து மாத்திரைன்னு பொய் சொல்லிட்டேன். எனக்கு இழுப்புங்க. சின்னதுல இருந்தே."

இருதயராஜ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறு நிமிஷம் ஊசி மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ரத்த அழுத்தம் ஏறியது. மறுநாள் காலை கெங்கம்மாள் எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டாள்.

டாக்டர் எல்லோரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். "ரெண்டு கிட்னி மேலயும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. காய்ச்சல், அடி, பட்டினி எது வந்தாலும் உடம்பைத் தூக்கி நிறுத்தறது அதுல ஊறுற சாறுதான். இந்த மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யுது. அளவுக்கு மேல இருந்தா முகம் ஊதும், எலும்பு கெடும், சதை கரையும். வீட்டு வேலைக்கு ஆள் வெச்சதும் நாம கையைக் கட்டிக்கினு உக்காந்துடறோம் இல்ல, அந்த மாதிரி சுரப்பியும் உக்காந்துடுச்சு. அப்ப பாத்து வேலைக்காரனை ஒரே நாள்ல நிறுத்திட்டீங்க." இனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் சுரப்பி விழிக்கும், ஒரு வருஷம் கூட ஆகலாம், நடுவில் காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்றார். செண்பகம் குறைத்த முறையைக் கேட்டுவிட்டு, சரியாகச் செய்திருக்கிறாய் அம்மா என்று அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்.

பாராட்டு. கெங்கம்மாள் ஊறுகாயைக் கீழே வைத்தாள்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் சவுரிராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். இரவெல்லாம் அவர் அடக்கி வைத்திருந்தது.

"இழுப்புக்காரியை நம்ம தலையில கட்டிட்டானுங்க. மூணு வருஷமா மூடி மறைச்சிக்கினு இருந்திருக்கா. அதால பெரியவ சாவப் போனா. அப்பாதுரை, விழுப்புரம் பஸ்ஸு பத்து மணிக்கு இருக்குது. இவளை இட்டுக்கினு போயி அவுங்க அப்பன் வூட்டுல வுட்டுட்டு வா."

அப்பாதுரை தரையைப் பார்த்தான். செண்பகம் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அவள் அந்த அட்டையை எடுத்தாள்.

கெங்கம்மாள் ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டது இதுதான். கொல்லையில், அடுப்படியில், படுக்கையில், கோயிலில் கூட. வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நிமிஷம் படுத்திருந்தால் போதும், அவள் போய்விடுவாள். வீடு பழையபடி தன் கைக்கு வந்துவிடும். சுவர்ப் பக்கம் திரும்பியும் படுத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. வேறொன்று வயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது. நான் உயிரே போனாலும் வெட்கத்தை விடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். இவள் தன் வாழ்க்கையையே எடுத்து டாக்டர் கையில் வைத்துவிட்டாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மூத்தவளைக் காப்பாற்றப்போய் வாழ்க்கையை இழந்தாள் என்று ஊர் உலகம் இவளைத்தான் காலத்துக்கும் சொல்லும். என் பிள்ளைகளே சொல்லும். இதிலும் இவளே என்னை மிஞ்சிவிட்டுப் போவதா?

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஊசி ஏற்றிய கை வீங்கியிருந்தது.

"மாமா, அவளுக்கு இழுப்பு இருக்கறது எனக்குத் தெரியும். பொண்ணு பாக்கப் போனப்பவே என்கிட்ட சொல்லிட்டா. நாந்தான் வூட்டுல வாயைத் தொறக்காதடின்னு சொல்லி வெச்சேன். மறைச்சது தப்புன்னா என்னையும் சேத்து அனுப்புங்க. பத்து மணி பஸ்ஸுக்கே வர்றேன்."

பச்சைப் பொய். பெரியதம்பி வாய் பிளந்தான். சவுரிராயன் மூத்த மருமகளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், இரண்டு பேரனைப் பெற்றவளை எப்படி பஸ் ஏற்றுவது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். மகன்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

செண்பகம் கட்டிலருகே வந்து கெங்கம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன்க்கா எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டாள்.

கெங்கம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பின்ன, நீ ஒருத்தி மட்டும் நல்லவளா இருந்துட்டுப் போலாம்னு பாத்தியா?"